புலியாண்டியின் உள்ளங்கை

போன மாதம் நான் நம் ஆபீசுக்கு வந்திருந்தபோது, கதைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் ஆளுக்கொரு கதைச் சுருக்கத்தை என் கையில் கொடுத்தீர்கள். ஐந்தையும் பஸ்ஸிலேயே படித்து முடித்துவிட்டேன். ஐந்திலும் நம் ஊர் ஆள் ஒருவன் லாரியில் அடிபடுகிறான். கண் விழித்தால் வேறு உலகம். அங்கே அவன் ராஜா, இல்லாவிட்டால் பெரிய மந்திரவாதி. இந்த மாதிரிக் கதைக்கு ஜப்பான்காரர்கள் இசெகாய் என்று பெயர் வைத்திருப்பதாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். சந்தோஷம். நாங்கள் எழுதிய நாளில் அதற்கு மறு உலகக் கதை என்றுதான் பெயர். ஒரே ஒரு சந்தேகம், விருதுநகர் ரோட்டில் ஓடுகிற லாரியெல்லாம் உங்கள் கதாநாயகன் மேல் மட்டும்தான் ஏறுமா?

சரி, கேலி போதும். கதாநாயகனைப் பற்றி எனக்குக் குறையில்லை. அவனுக்குப் பின்னால் கை கட்டி நிற்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஐந்து கதையிலும் ஒரு விசுவாசமான தளபதி இருக்கிறான். ராஜா வாயைத் திறக்குமுன் "உத்தரவு பிரபு" என்கிறான், ராஜாவுக்காகச் சாகிறான், வாசகன் அழ வேண்டும். ஐந்திலும் எதிர்த்துப் பேசுகிற மந்திரி ஒருவனும் இருக்கிறான். அவன் பத்தாவது அத்தியாயத்தில் துரோகி என்று தெரியவருகிறது. இந்தப் பாதை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது பழக்கமான பாதை. அதில் மிடுக்காக நடந்து போய், நான் எங்கே விழுந்தேன் என்று உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்த காலம். நம் அச்சகத்துக்குச் சோறு போட்டது பட்டாசுப் பெட்டி லேபிள். மாதம் ஒரு சித்திரக்கதைப் புத்தகமும் போட்டோம், அது முதலாளியின் ஆசைக்கு. கதை எழுதுவது, புத்தகத்தைக் கவனிப்பது, லேபிளில் என்ன படம் வர வேண்டும் என்று முடிவு செய்வது, இந்த மூன்றும் என் பொறுப்பு. எனக்குக் கீழே இரண்டு பேர்.

ஒருவர் சுந்தரம், படம் வரைகிறவர். தாயில்பட்டிக்காரர். தங்கமான கை. என்ன சொன்னாலும் "சரிங்க அண்ணாச்சி" என்பார், அதற்கு மேல் பேச்சு இருக்காது. இடது கையை மடியில் போட்டுக்கொண்டு வலது கையால் மட்டும் வரைவார். தாள் நழுவாமல் இருக்க ஒரு கல்லை வைத்துக்கொள்வார். ஒவ்வொருவருக்கு ஒரு பழக்கம் என்று நான் அதைக் கவனித்ததே இல்லை.

இன்னொருவர் ஜெபராணி, பிழை திருத்துகிறவர். சாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவருடைய அக்கா ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் நர்ஸ். ஜெபராணியின் கண்ணுக்கு ஒரு புள்ளி தப்பாது. அதோடு விட்டால் பரவாயில்லையே? "இது எப்படி சார் நடக்கும்?" என்று கதைக்குள்ளேயும் கேட்பார். அந்தக் கேள்வி வந்தாலே எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கோபம் வந்தால் நான் திட்டுகிறவன் இல்லை, கிண்டல் செய்கிறவன். திட்டு மறுநாள் மறந்துபோகும், கிண்டல் மறக்காது. அது தெரிந்தேதான் செய்தேன்.

அந்த நாளில் நாங்கள் தொடராகப் போட்டுக்கொண்டிருந்த கதை இது. சாத்தூர்த் தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டுகிற மாரிமுத்து பஸ்ஸில் தூங்கிப் போகிறான். கண்டக்டர் எழுப்பி இறக்கி விடுகிற இடம் வேறு உலகம். எனக்கு ஆளை லாரி ஏற்றிக் கொல்ல மனசு வரவில்லை. அந்த உலகத்தில் எல்லாம் இருக்கிறது, தீ மட்டும் இல்லை. மாரிமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து உரசுகிறான். அவ்வளவுதான், ராஜா ஆகிவிட்டான்.

அவனுக்கு இரண்டு விசுவாசிகள். புலிமுகம் கொண்ட தளபதி புலியாண்டி. ராஜா சொன்னால் மலையிலிருந்து குதிப்பான். ஓணான் முகம் கொண்ட மந்திரி ஓணாண்டி. ஓணான் பிறவி என்பதால் தலை ஆமாம் ஆமாம் என்று ஆடிக்கொண்டே இருக்கும், வாயிலிருந்து வருவதோ "வேண்டாம் ராஜா" என்பதுதான். சிரிப்புக்காக வைத்த ஆள். கதை கொஞ்சம் வளர்ந்ததும் அவனை எங்கே நிறுத்துவது என்று எனக்கே தெரியவில்லை. முதலாளி கூட, வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டீரே என்று கேலி செய்தார்.

ஏழாவது இதழில் ஒரு காட்சி. பனிமலைக் கணவாய். அந்தப் பக்கத்தில் ஜனங்கள் குளிரில் விறைத்துச் சாகிறார்கள். ராஜாவிடம் மிச்சம் இருந்த ஒரே குச்சியையும் உரசியாயிற்று. மூட்டிய தீயை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும், பாத்திரம் இல்லை. ராஜா புலியாண்டியைப் பார்த்து "ஏந்து" என்கிறான். புலியாண்டி உள்ளங்கையை நீட்டித் தீயை வாங்கிக்கொண்டு, முகம் சுளிக்காமல் மலையைக் கடக்கிறான். இதற்கு நடுவில் ஓணாண்டி, "ராஜா, கொஞ்சம் பொறுத்தால் கீழே ஒரு சட்டி கிடைக்குமே" என்கிறான். எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான்தான் சிரிக்க வைத்தேன்.

சுந்தரம் அதை முழுப்பக்கப் படமாகப் போட்டார். நெருப்பைத் தாங்குகிற அந்தக் கையை இப்போது நினைத்தாலும் மேல் சிலிர்க்கிறது. விரல்கள் உள்ளே சுருங்குகிற விதமும் மணிக்கட்டு நரம்பும் அப்படியே இருந்தன. எங்கேய்யா பார்த்து வரைந்தீர் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அடுத்த தாளை எடுத்தார்.

பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்த ஜெபராணி தலையைத் தூக்கி, "ஒரு சட்டி தேடியிருந்தா என்ன சார்?" என்று கேட்டார். நான் மெஷின்காரர், பைண்டிங் ஆட்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நம் ஆபீசிலும் ஒரு ஓணாண்டி இருக்கிறது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சுந்தரம் குனிந்து வரைந்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து ஜெபராணிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இதழ் வெளிவந்ததும் தபால்கார்டு வந்து குவிந்தது. எல்லாம் புலியாண்டிக்கு ஜே. ஓணாண்டியைக் கொன்றுவிடுங்கள் என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். தாயில்பட்டிப் பக்கமிருந்து ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் எழுதியிருந்தாள். தானும் புலியாண்டி மாதிரி எரிகிற குச்சியை உள்ளங்கையிலேயே அணைத்துக் காட்டியதாகவும், தோழிகள் அசந்து போனதாகவும் எழுதியிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த மாதத்தின் சிறந்த கடிதம் என்று கட்டம் கட்டிப் போட்டேன். ஜெபராணி அதைத் திருத்திக் கொடுத்தபோது ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். ரப்பரை எடுத்து அழித்துவிட்டேன்.

அடுத்து வந்தது சீசன். சீசன் என்றால் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே வடக்கே போகிற லோடு வாசலில் நிற்கும், மெஷின் மூச்சு விடாது. எம். புதுப்பட்டிப் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த ஒருவர் எங்கள் முதலாளியைப் பார்க்க வந்தார். அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் புலியாண்டிப் பைத்தியமாம். இந்த வருடம் பூச்சட்டிப் பெட்டியில் புலியாண்டி படம் போட வேண்டும் என்றார். புஸ்வாணத்தைத்தான் எங்கள் பக்கம் பூச்சட்டி என்போம். படம் எப்படி வேண்டும் என்று கேட்டதற்கு, "கதைக்காரர் பாத்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நான் தரையில் நிற்கவில்லை. என் புலியாண்டி பட்டாசுப் பெட்டியில் ஏறி இந்தியா முழுக்கப் போகப் போகிறான்! சுந்தரத்தைக் கூப்பிட்டேன். வேறு எதுவும் யோசிக்க வேண்டாம், அந்தக் கணவாய்க் காட்சியையே போடுங்கள் என்றேன். உள்ளங்கையில் தீக்குப் பதிலாக ஒரு பூச்சட்டி, அதிலிருந்து பொறி ஆள் உயரத்துக்குப் பூத்துக் கொட்ட வேண்டும், முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும். சுந்தரம் ஒரு நிமிஷம் நின்றார். நான் என்ன என்று கேட்டேன். "சரிங்க அண்ணாச்சி" என்று போய்விட்டார்.

இதைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள், உங்களுக்கு மூளை எங்கே போயிற்று என்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது எங்கள் ஊர் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. எங்களுக்குப் பட்டாசு என்பது ஒரு பெட்டி, ஒரு லேபிள், ஒரு ஆர்டர், ஒரு லோடு. பிறந்ததிலிருந்து அதைப் பெட்டியில் அடைத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். வெடிமருந்துக்கு நாங்கள் பயப்படுவோம், அது உள்ளே தொழிற்சாலையில் இருக்கும் வரைக்கும்தான். பெட்டி ஒட்டி லோடு ஏறிவிட்டால், அதை எங்கேயோ ஒரு குழந்தை பிரித்துக் கொளுத்தும் என்பதே எங்கள் நினைவில் இருக்காது. பெட்டியின் பின்பக்கத்தில், தரையில் வைத்துத் தள்ளி நின்று கொளுத்தவும் என்று பொடி எழுத்தில் நானே வாசகம் எழுதிக் கொடுத்தேன். முன்பக்கத்தில் புலியாண்டி அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான். இரண்டையும் யோசித்த மண்டை ஒன்றுதான்.

நம் அச்சகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மெஷினிலிருந்து வருகிற முதல் தாளைப் பிழை திருத்துகிறவர் பார்த்து "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் மெஷின்காரர் ஓட்ட மாட்டார். முதலாளியே வந்து சொன்னாலும் ஓட்ட மாட்டார். அன்றைக்குக் காலையில் முதல் தாள் வந்தது. நாலு கலரும் கச்சிதமாக விழுந்திருந்தது. மறுநாள் பெட்டி ஒட்டி, அதற்கு மறுநாள் வடக்கே லோடு ஏற வேண்டும். ஜெபராணி தாளை முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எழுத்துல பிழை இல்ல சார். படத்துல இருக்கு."

என்ன பிழை என்று கேட்டேன். இதைப் பார்க்கிற பிள்ளை கையில் வைத்துத்தானே கொளுத்தும் என்றார். பின்னால் எழுதியிருக்கிறதே என்றேன். எழுத்துப் படிக்கிற வயசிலா பூச்சட்டி கொளுத்துகிறார்கள் என்றார். தாயில்பட்டிப் பெண்ணின் கடிதத்தையும் ஞாபகப்படுத்தினார். பெட்டியில் படம் இல்லாதபோதே அந்தப் பிள்ளை கையை நீட்டியது சார் என்றார். பதில் இல்லாதவனுக்குத்தானே கோபம் அதிகம் வரும்? எனக்கு வந்தது.

"உம் வேல எழுத்துப் பாக்குறதும்மா. படம் பாக்க நான் இருக்கேன்."

அப்படிச் சொல்லிவிட்டு அவர் வைத்த பேனாவை எடுத்து, அவர் போட வேண்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். மெஷின்காரர் என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். அந்த வழக்கத்தை அதுவரை யாரும் மீறியதில்லை. ஓட்டுங்கள் என்றேன். மெஷின் ஓடத் தொடங்கியது.

ஜெபராணி எழுந்துகொண்டார். மேஜையிலிருந்த டிபன்பாக்ஸைப் பைக்குள் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். வேலையை விட்டுவிட்டுப் போகப் போகிறார் என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை. அவர் வாசலுக்குப் போகாமல் நேரே சுந்தரத்தின் மேஜைக்குப் போனார். ஏதோ சொன்னார், மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. சுந்தரம் முடியாது என்று தலையை ஆட்டினார். ஜெபராணி மறுபடியும் சொன்னார். பிறகு இரண்டு பேரும் என் மேஜைக்கு வந்தார்கள். ஜெபராணி அச்சான தாள் ஒன்றை எனக்கு முன்னால் விரித்தார்.

"அண்ணே, ஒங்க இடது கைய இதுமேல வைங்க."

சுந்தரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் மடியில் கிடந்த இடது கையைத் தாளின் மேல் மல்லாக்க வைத்தார். உள்ளங்கையின் நடுவில் வட்டமாக ஒரு தழும்பு. தோல் இழுத்துப் பிடித்து, நடுவிரலும் மோதிரவிரலும் உள்பக்கமாக மடங்கியிருந்தன. பக்கத்தில் புலியாண்டியின் கையும் அப்படியே மடங்கியிருந்தது. பூச்சட்டி இருந்த இடமும் தழும்பு இருந்த இடமும் ஒன்று.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். எனக்கு அந்தக் கண்ணாடியும் தேவைப்பட்டிருக்கிறது. சின்ன வயதில் பூச்சட்டியைக் கையில் வைத்துக் கொளுத்தியபோது நடந்ததாம். சில நேரம் பூச்சட்டி பூக்காமல் வெடித்துவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஜெபராணிக்கு இது எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். சாப்பிடும்போது டிபன்பாக்ஸ் மூடியை அவரால் ஒரு கையால் திறக்க முடியாது, நான்தானே தினமும் திறந்து கொடுக்கிறேன் என்றார். மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியாது.

மெஷினை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். சத்தம் அடங்கியதும் ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. சுந்தரத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், தெரிந்துமா வரைந்தீர்கள் என்று.

"நீங்க சொல்லிட்டீகளே அண்ணாச்சி" என்றார் சுந்தரம்.

அவர் அதில் குத்தல் எதுவும் வைக்கவில்லை. நிஜமாகவே அதுதான் காரணம் என்று நினைத்துச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, தப்பு என்று தெரியும், சொன்னால் எல்லோர் முன்னாலும் என்ன பேர் வைப்பீர்களோ என்றுதான் சொல்லவில்லை என்றார். என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால் கூட அத்தனை வலித்திருக்காது.

இனி முதலாளியிடம் போக வேண்டும். அவருடைய அறை இருபதடி தூரம். அந்த இருபதடிக்குள் என் மண்டைக்குள் ஒரு பொய் தயாராகிவிட்டது, கேளுங்கள். மஞ்சள் கலர் சரியாக விழவில்லை, பிளேட் மாற்ற வேண்டும் என்று சொன்னால் போதும். மெஷின் மேல் பழி போகும், ஒரு நாள் கிடைக்கும், படத்தைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். நல்ல பொய், யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். மெஷின்காரருக்கு மட்டும் கொஞ்சம் கெட்ட பெயர் வரும், அவர் பொறுத்துக்கொள்வார், ஏனென்றால் அவரும் என்னிடம் எதிர்த்துப் பேசாத ஆள். அந்த இடத்தில்தான் என் கால் நின்றது. மறுபடியும் ஒருத்தரை உள்ளங்கையை நீட்டச் சொல்கிறேனே என்று தோன்றியது.

உள்ளே போய், படம் தப்பு, தப்பு என்னுடையது, ஜெபராணி கையெழுத்துப் போட மறுத்தார், நான் போட்டேன் என்று மூன்றையும் சொன்னேன். முதலாளி எழுந்துவிட்டார். சீசனில் மெஷினை நிறுத்துவது ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கிற மாதிரி என்று கத்தினார். நான் தாளை நீட்டினேன். அவரும் இந்த ஊர்க்காரர்தானே, அவருக்கும் முதலில் கலர்தான் தெரிந்தது. பிறகு படம் தெரிந்தது. சத்தம் குறைந்துபோய்ப் போனை எடுத்தார்.

எம். புதுப்பட்டிக்காரர் அரைமணி நேரத்தில் வந்துவிட்டார். சின்ன வயதில் மருந்து அறையில் வேலை பார்த்து மேலே வந்த மனுஷர். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எங்க ஆபீசுல பத்து வருசம் வேல பாத்த ஆளுக கூட இப்பிடிப் பிடிக்க மாட்டாகய்யா. லோடு ஒரு நா பிந்திப் போகட்டும். நான் பேசிக்கிடுதேன்."

அன்று சாயங்காலத்துக்குள் சுந்தரம் வேறு படம் போட்டுவிட்டார். பூச்சட்டி தரையில் இருக்கிறது. ஓணாண்டி நீளமான பத்திக் குச்சியால் எட்டி நின்று பற்ற வைக்கிறான். புலியாண்டி இரண்டு கையையும் விரித்துக் குழந்தைகளைப் பின்னால் தள்ளி நிறுத்துகிறான். இப்படி வரையுங்கள் என்று நான் எதுவும் சொல்லவில்லை. சொல்கிற தைரியம் எனக்கு அன்றைக்கு இல்லை. அடித்துவிட்ட பழைய தாள்களை வெடிக்கு அட்டைக்குழாய் சுருட்டுகிறவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். எங்கள் ஊரில் எந்தத் தாளும் வீணாகாது. என் பெருமை அந்த வருடம் வெடிக்குள் சுருட்டப்பட்டு எங்கெங்கோ போய் வெடித்திருக்கும்.

இப்போது உங்கள் கதைகளுக்கு வருகிறேன். புலியாண்டி கெட்டவன் என்று நான் சொல்ல வரவில்லை. சுந்தரம் மாதிரி ஒரு விசுவாசி கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் அவரைப் புலியாண்டி ஆக்கியது யார்? ஜெபராணியை ஓணாண்டி என்று சொல்லி நான் சிரிக்க வைத்தேனே, அந்த நிமிஷம் சுந்தரம் அவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று அவர் அங்கேதான் படித்துக்கொண்டார். உங்கள் தளபதி எதற்கெடுத்தாலும் "உத்தரவு பிரபு" என்கிறானா? அதற்கு முன்னால் "வேண்டாம் பிரபு" என்று சொன்ன ஒருத்தனை உங்கள் ராஜா என்ன செய்தான் என்று யோசியுங்கள். நீங்கள் அதை எழுதியிருக்க மாட்டீர்கள், ஆனால் நடந்திருக்கும். எதிர்த்துப் பேசுகிறவனைத் துரோகி ஆக்குவது எழுதுகிறவனுக்குச் சுலபம். ராஜாவின் தப்பைப் பிறகு யாரும் தேட மாட்டார்கள். நானும் ஓணாண்டியைப் பதினோராவது இதழில் துரோகியாக்கத்தான் திட்டம் போட்டு வைத்திருந்தேன்.

அதைக் கிழித்துப் போட்டேன். புதிதாக ஒரு அத்தியாயம் எழுதினேன். ராஜாவுக்குத் தன் தப்பு தெரிகிறது. ஓணாண்டியைக் கூப்பிட்டு, நீ சொன்னதுதான் சரி என்கிறான். ஓணாண்டி கண்ணீரோடு ராஜாவின் காலில் விழுகிறான். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. படம் போடச் சுந்தரத்திடம் கொடுத்தேன்.

மறுநாள் சுந்தரம் வெறுந்தாளோடு வந்தார். எனக்கு முன்னால் வந்து நின்று, இடது கையை மேஜையின் மேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஊன்றிக்கொண்டார்.

"அண்ணாச்சி, இது வேண்டாம். தப்புப் பண்ணது ராஜா. ஓணாண்டி எதுக்குக் கால்ல விழணும்? ராஜா எந்திரிச்சு நிக்கட்டும்."

அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் "வேண்டாம்". எனக்குப் பழையபடி சுருக்கென்று கோபம் வந்தது. இல்லை என்று சொன்னால் பொய். கிண்டல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, சரி, அப்படியே போடுங்கள் என்றேன். பிறகுதான் உறைத்தது. லேபிள் விஷயம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது, கதைக்குள் ராஜாவை மன்னிப்புக் கேட்க வைத்த நான், ஜெபராணியிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வருவார், திருத்துவார், சுந்தரத்துக்கு டிபன்பாக்ஸ் திறந்து கொடுப்பார், போவார். "இது எப்படி சார் நடக்கும்?" என்று மட்டும் கேட்பதில்லை. அந்த மூன்று வாரமும் ஆபீஸ் நிம்மதியாக இருக்கிறது என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இதழ் மெஷினில் ஏறிய அன்று சாத்தூர் பஸ் கொஞ்சம் தாமதம். ஜெபராணி வேகமாக உள்ளே வந்தார். முதல் தாள் என் மேஜையில் இருந்தது. நான் எழுந்து நின்றேன். என்னமோ சொல்ல நினைத்திருந்தேன், அழகாக, கதைக்காரன் மாதிரி. ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு அவர் கீழே வைக்க நான் எடுத்த பேனா என் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்து, "தப்பு எம்மேலதாம்மா. எழுத்த மட்டும் இல்ல, படத்தையும் பாத்துப் போடும்மா" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியேதான் சொன்னேன், கிண்டல் செய்த அதே சத்தத்தில்.

அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்து நிற்கிற படத்தை உற்றுப் பார்த்தார். சுந்தரம் மேஜையிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபராணி "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார். நான் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"உக்காருங்க சார்," என்றார், "மெஷின் காத்துக் கெடக்கு."